முன்னங்காலுக்குப் பின்னால், ஒரு கையகலம்

கிடா மான் எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டியபடி நின்றது.

“இப்ப வைக்கேலாது, டொக்டர்,” என்று அருள் என் காதருகே சொன்னார். “குண்டியைக் காட்டிக்கொண்டு நிக்கிறவனுக்கு வெடி வைக்கிறது மரியாதை இல்லை.”

துவக்கு அவருடைய தோளில் இருந்தது. விரல் இன்னும் விசைக்குப் போகவில்லை. அதைச் சுற்றியுள்ள வளையத்தின்மேல் நீட்டிக் கிடந்தது. ஓக் மரமொன்றில் சாத்திக் கட்டிய பரணில், ஒரே பலகையில், நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்திருந்தோம். பலகை பனியில் ஊறியிருந்தது. காற்சட்டையினூடாக அந்த ஈரம் மெல்ல ஏறியது. கீழே காடு முழுவதும் நீலப் பூக்கள். விடியலின் மங்கலில் அவை பூக்களாகத் தெரியவில்லை. தரைக்குச் சற்று மேலே புகை தங்கி நிற்பதுபோல் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் வைகாசி. பிறொம்லிக்கு அப்பால், பண்ணையொன்றைச் சேர்ந்த சிறு காடு. வரைபடத்தின்படி அது இன்னமும் லண்டன்தான். மரக்கன்றுகளின் நுனியை மான்கள் தின்று தீர்ப்பதாகச் சொல்லிப் பண்ணைக்காரர் அருளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

சென்ற வாரங்களில் நான் இந்நாட்டு இறைச்சிக்கூடங்களில் விலங்கு வைத்தியனாகப் பணியாற்றிய காலத்தைப் பற்றி எழுதினேன். அவற்றைப் படித்த வாசகி ஒருவர், “வேட்டைக்கும் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தார். போயிருக்கிறேன். சுட்டதில்லை. அருகே அமர்ந்து பார்த்திருக்கிறேன்.

இந்த அத்தியாயத்தை என் மனைவி பரமேஸ் இருந்த காலத்தில் எழுதியிருக்க இயலாது. இத்தொடரின் ஒவ்வொரு பகுதியையும் அச்சுக்குப் போகுமுன் முதலில் படித்தவள் அவள். அவள் போய் ஒரு மாரிக் குளிர் கடந்துவிட்டது.

இறைச்சித் தாளில் ஒரு மான்

அருள் மன்னார்க்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஜேர்மனியில் நெடுங்காலம் தொழிற்சாலை வேலை செய்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து, மிச்சம் என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இறைச்சிக்கடை வைத்தார். அவருக்கு அங்கே வேட்டை பழக்கியவர் தொழிற்சாலை மேற்பார்வையாளர். அந்த நாட்டில் வேட்டையாடுவதற்குப் பரீட்சை உண்டு. எழுத்து, வாய்மொழி, சுடுதல் என்று மூன்றிலும் தேற வேண்டும்.

“பாசை போதாதெண்டு என்ரை பிரசாவுரிமை விண்ணப்பத்தை ரெண்டு தரம் தள்ளினவங்கள்,” என்பார். “அதே பாசையிலை மானின்ரை கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கேட்டாங்கள். முதல் தரமே பாஸ்.”

கடைக்கு வரும் ஆட்கள் என்னை மாட்டு டொக்டர் என்பார்கள். அருள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: “மனிச டொக்டரிட்டைப் போறவை முழுக்கப் பொய் சொல்லுவினம். மாடு சொல்லாது. டொக்டர் குடுத்து வைச்சவர்.”

வாடிக்கையாளர் குறைந்த பின்னேரங்களில் அவர் இறைச்சி சுற்றும் வெள்ளைத் தாளைக் கிழித்து அதன்மேல் தடித்த பேனையால் மானொன்றை வரைவார். பார்க்க நாய்போல் இருக்கும். ஆனால் உள்ளுறுப்புகள் தம் இடத்தில் சரியாக இருக்கும். அதைக் கடையின் கல்மேசைமேல் விரித்து வைத்து எனக்குப் பாடம் எடுப்பார், நானும் கேட்பேன். எனக்குத் தெரிந்தது மேசையில் கிடத்திய உடல். அவருக்குத் தெரிந்தது நிற்கும் உடல்.

மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்கால் நேராக இருக்க வேண்டும். அந்தக் காலின் பின்விளிம்பிலிருந்து ஒரு கையகலம் பின்னால், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அந்த இடம். அதற்குள் இதயத்தின் மேற்பாதியும் இரண்டு நுரையீரல்களும் ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. குறி கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும் இடம் அது ஒன்றுதான்.

தலைக்கு வைப்பது வீரம்போலத் தோன்றும். தலை அசையும். தாடை உடைந்தால் மான் ஓடிவிடும். தின்ன இயலாமல் நாட்கணக்கில் சாகும். கழுத்தும் அப்படியே. மானுக்குப் பின்னால் வானம் தெரிந்தால் சுடக் கூடாது. மண் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் துவக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி பரீட்சையில் இருந்ததோ அவருடையதோ எனக்குத் தெரியாது.

நான் இவற்றை இராச்சாப்பாட்டு மேசையில் பரமேஸுக்குச் சொல்வேன். அவள் இறைச்சி தொடாதவள். முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்பாள், ஆனால் கேட்பாள்.

“அதிலை பட்டால் அதுக்கு நோகாதோ?”

இரத்த அழுத்தம் சடுதியாக விழுவதையும், மூளைக்கு இரத்தம் போகாமல் நின்றுவிடுவதையும் விளக்கினேன். “ரெண்டு மூச்சு. அதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சிடும். அதுக்குத் தெரியவே தெரியாது.”

அவள் மோரை ஊற்றிக்கொண்டு சற்று யோசித்தாள். “அப்பப் பரவாயில்லை,” என்றாள்.

வேலியோரம்

இலங்கையில் நான் முதன்முதல் நியமனம் பெற்றது வன்னியில். அங்கே மானுக்கு இடம் பார்த்து யாரும் வெடி வைத்ததில்லை. கையில் இருந்தது இடியன் துவக்கு. குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் ஈயத்தையும் போட்டு இடித்து நிரப்புவது. வெடித்தால் எங்கே போகும் என்று துவக்குக்கே தெரியாது. மானின் எந்தப் பகுதியில் பட்டாலும் பட்டது என்றே கணக்கு. விழுந்தால் கறி; விழாவிட்டால் சில நாட்களில் காகங்கள் காட்டிக்கொடுக்கும்.

பரமேஸின் ஒரே தம்பி ராசன் அப்போது ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தான். தாய் நேரத்தோடு இறந்துவிட்டதால் அவனைச் சோறூட்டி வளர்த்தவள் பரமேஸ். விடுமுறை விட்டதும் எங்கள் அரசாங்க விடுதிக்கு வந்துவிடுவான். அவனுடைய சவரப் பொருட்கள் என் அலுமாரியில் ஒரு தட்டை நிரந்தரமாகப் பிடித்திருந்தன.

ஒரு நாள் காலையில் பெட்டை மானொன்று விடுதியின் பின்வேலியோரம் வந்து நின்றது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. நான்கு கால்களையும் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட வைத்து, இரண்டடி நடந்து, நின்றது. மறுபடி இரண்டடி. பல் விளக்கிக்கொண்டிருந்த ராசன் வாயில் நுரையோடு என்னைக் கூப்பிட்டான்.

“அத்தான், ஏன் இது இப்பிடி நடக்குது?”

“வயித்திலை பட்டிருக்கு.”

“தப்புமோ?”

“இல்லை.”

“எவ்வளவு நேரம் இருக்கும்?”

“பொழுதுபடும். சில வேளை நாளைக்கும்.”

அவன் வாயைக் கொப்பளித்தான். “அப்ப நீங்கள் ஏதாவது செய்யுங்கோ. பாத்துக்கொண்டு நிக்கேலாது.”

மாடுகளுக்கு வைத்திருந்த ஊசிமருந்தில் அதன் உயிரை முடித்தேன். அவன் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் மான் இறைச்சி தின்னவில்லை. ஆட்டிறைச்சியைக் குறை வைக்கவுமில்லை. அதைச் சொல்லிப் பரமேஸ் அவனைச் சாகும்வரை கேலி செய்தாள் என்று எழுத வந்தேன். யார் சாகும்வரை என்பதை நிதானித்து எழுத வேண்டியிருக்கிறது. அவன் சாகும்வரை.

நாங்கள் இங்கே வந்தோம். அவன் வரவில்லை. வன்னியில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தான். திருமணம் செய்யவில்லை. கூப்பிட்ட ஒவ்வொரு முறையும், பரீட்சை முடியட்டும் என்றான். பள்ளிக்கூடத்தில் எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சை இருந்தது.

அவள் கேட்ட கேள்வி

வன்னியில் போர் கடைசி நாட்களை எட்டிய அந்த வைகாசியில் லண்டனில் எந்தத் தமிழ் வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பரமேஸ் காலையில் றாம் வண்டியிலும் ரயிலிலுமாகப் பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய்ப் புல்தரையில் மற்றப் பெண்களோடு போராட்டத்தில் இருந்துவிட்டு, மாலையில் தொண்டை கட்டித் திரும்புவாள். வந்ததும் தொலைபேசியின் அருகே கதிரையைப் போட்டு அமர்வாள்.

ராசன் இறந்துவிட்டான் என்ற செய்தி மூன்று வழிகளில் வந்தது. கனடாவிலிருந்து ஒரு மைத்துனி அழுதுகொண்டு சொன்னாள். பாரிஸிலிருந்து ஒருவர் அழாமல் சொன்னார். மூன்றாவதாக மனோர் பார்க் முருகன் கோயிலில் ஒருவர், நாங்கள் அறிந்திருப்போம் என்று எண்ணி, அனுதாபம் தெரிவித்தார். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். உடனை போயிட்டாராம். ஒரு கஷ்டமும் படேல்லையாம்.

 கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பரமேஸ் சொன்னாள்:

“எல்லாருக்கும் உடனை தானாம். அங்கை செத்த எல்லாரும் உடனை செத்ததாம். கேட்டுக்கொண்டு வாறீங்களோ?”

அதன்பின் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். விரதம் என்று எதையும் அறிவிக்கவில்லை. கோப்பையில் சோற்றைப் போடுவாள், பிசைவாள், எழுந்து போய்விடுவாள். என் பொறுமை குறைந்து ஒரு நாள் கேட்டபோது, “அவன் கஷ்டப்பட்டவனோ இல்லையோ எண்டு தெரியாமல் எனக்கு இறங்குதில்லை,” என்றாள். “வாய்க்கரிசி போடவும் ஆளில்லை. இதையாவது அறிஞ்சு சொல்லுங்கோ. உங்களுக்குக் கேட்கத் தெரியும்.”

ராசனோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த தங்கவேல் மாஸ்டர் கடைசிவரை அவனுடன் இருந்து, பின்னர் இராணுவக் காவலிலிருந்த அகதி முகாமுக்குள் வந்துவிட்டதாக அறிந்தோம். அங்கே யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களிடம் காசு கிடையாது. ஒருமுறை அடித்துவிட்டு வெட்டுவார்கள். நாங்கள் அந்த எண்ணுக்குத் திருப்பி அழைப்பு எடுக்க வேண்டும். உடனே எடுக்காவிட்டால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும். அந்த மாதம் லண்டன் பஸ்களில், குளியலறைகளில், வேலைத்தலங்களில் எங்கள் ஆட்கள் எல்லோரும் கைத்தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தது அதனால்தான்.

என் எண்ணை மாஸ்டருக்குச் சேர்ப்பித்தோம். நாட்கள் போயின. நான் வீட்டில் இருந்த விதத்தைப் பார்த்துவிட்டு அருள் வந்தார். “நாளைக்கு விடிய என்னோடை காட்டுக்கு வாங்கோ. மரத்தைப் பாத்துக்கொண்டு இருங்கோ. போதும்.”

தொலைபேசியைப் பற்றிச் சொன்னேன்.

“அதை நிப்பாட்ட வேண்டாம்,” என்றார். “மான் வேறை நாளும் வரும்.”

காத்திருந்த நேரம்

கிடா மெல்லத் திரும்பியது. முதலில் தலை, பிறகு தோள். செந்நிறக் கோடை மயிர் முதுகில் முளைத்திருந்தது. கழுத்தில் மாரி மயிரின் சாம்பல் நிறம் இன்னும் திட்டுத்திட்டாக இருந்தது. பின்னால் மண்மேடு. முன்னங்கால் நேராக வந்தது. அருளின் மூச்சு பாதியில் நிற்பதைத் தோளில் உணர்ந்தேன்.

அப்போது என் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. ஒலியை அடைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் பை பரணின் பலகையில் முட்டியிருந்தது. பலகை முழுவதும் உறுமியது. மான் தலையை உயர்த்தி ஓரடி முன்னால் வைத்ததும் துவக்கு வெடித்ததும் ஒன்றாக நடந்தன.

சரியான இடத்தில் பட்ட மான் துள்ளி விழுந்தடித்து ஓடும். சிறிது தூரத்தில் விழும். இது துள்ளவில்லை. முதுகை வளைத்தது. கால்களைக் கிட்டக் கிட்ட வைத்து, மெதுவாக நடந்து, பன்னம் என்கிற பெரணிச் செடிகளுக்குள் போனது.

“பின்னுக்குப் போயிட்டுது,” என்றார் அருள்.

“ஓம்.”

“வயிறு.”

“ஓம்.”

அவர் நெற்றியைத் துவக்கின்மேல் சாய்த்தார். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார். அதிர்வு நின்றுவிட்டிருந்தது.

இவ்விடத்தில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வயிற்றில் பட்ட மானை உடனே தேடிப் போகக் கூடாது. அது கிட்டத்தான் படுத்திருக்கும். காலடியோ குரலோ கேட்டால் எழுந்து, இருக்கும் உயிரையெல்லாம் கூட்டிக்கொண்டு ஓடும், பிறகு அகப்படாது. அந்தக் காட்டுக்கு அப்பால் பெருந்தெரு. ஆகவே சத்தமில்லாமல், அரை மணி நேரமாவது, அசையாமல் இருக்க வேண்டும். அது அங்கே படுகிற பாட்டை நீங்கள் இங்கே இருந்து முழுவதும் அறிந்திருப்பீர்கள். இருந்தும் இருக்க வேண்டும்.

“முகாமிலையிருந்தோ?” என்று அருள் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

தலையாட்டினேன்.

“திருப்பி எடுங்கோ.”

“குரல் கேட்டால் எழும்பியிடும்.”

“அண்ணை,” என்றார். அதுவரை என்னை அவர் அப்படி அழைத்ததில்லை. “அது மான்.”

“தெரியும்.”

“இப்ப விட்டால் போன் ஆரின்ரை கையிலை போகுமோ தெரியாது.”

“தெரியும், அருள்.”

நான் எடுக்கவில்லை. ஏன் என்று பின்னர் பலமுறை என்னை விசாரித்திருக்கிறேன். தொழில் பழக்கம் என்பது ஒரு பதில். மறுமுனையில் இருப்பதை அறிவதற்கு அஞ்சினேன் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பன்னங்களுக்குள் ஓரிடத்தில் இலைகள் காற்றில்லாமல் ஆடியதுதான். சற்று நேரம் ஆடும். நிற்கும். மறுபடி ஆடும். வெளிச்சம் ஏற ஏறப் பூக்களின் நீலம் தெரிந்தது. விமானமொன்று தாழ இறங்கிப் போனது. அருள் ஜெபமாலையின் மணிகளைப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

வாயில் வைத்த கிளை

இறங்கிப் போனபோது வெடி பட்ட இடத்தில் கருஞ்சிவப்பு இரத்தமும் அதில் கலந்த பச்சையும் கிடந்தன. மான் கிட்டத்தான் படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, எழவில்லை. அருள் முழங்காலில் இருந்து, இம்முறை மிக அருகில், அந்த இடத்தில் வைத்தார். முன்னங்காலுக்குப் பின்னால், ஒரு கையகலம். இரண்டு மூச்சு. நான் பரமேஸுக்குச் சொன்னது சரிதான்.

ஓக் மரக் கிளையொன்றை முறித்து அதன் நுனியால் மானின் கண்ணைத் தொட்டார். இமை அசையவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றினார். வேறொரு சிறு பச்சைக் கிளையை எடுத்து, மானின் வாயைத் திறந்து, பற்களுக்கிடையே குறுக்காக வைத்தார்.

“என்ன இது?” என்றேன்.

“கடைசிக் கவளம். ஜேர்மனியிலை அப்பிடித்தான். வெடி வைச்சவன்தான் வைக்க வேணும். அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா நிக்க வேணும். கதைக்கக் கூடாது.”

நாங்கள் நின்றோம். இலை மானின் உதட்டோரத்தில் பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. சோறு இறங்காமல் பரமேஸ் சொன்ன சொல் எனக்கு நினைவுக்கு வந்தது. கொன்றவன் கையால்தான் என்றாலும், இந்த மானுக்கு வாய்க்கரிசி கிடைத்துவிட்டது.

மாஸ்டரின் குரல்

பண்ணை வாயிலில் நின்ற வாகனத்துக்குள் அமர்ந்து அந்த எண்ணுக்கு அழைப்பு எடுத்தேன். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். ஒரு பெண் எடுத்து, யாரையும் தெரியாது என்று வெட்டினாள். இன்னும் சிலமுறை முயன்றபின் ஓர் ஆண் குரல், மிகத் தாழ்ந்து, “டொக்டரோ?” என்றது.

“மாஸ்டர், ராசன் எப்பிடி...”

“உடனை, டொக்டர். ஷெல். ஒரு நொடி. அக்காட்டைச் சொல்லுங்கோ, ஒரு கஷ்டமும் படேல்லை.”

சொல்லிப் பழகிய வேகத்தில் சொன்னார்.

“மாஸ்டர், நான் வைத்தியன். எங்கை பட்டது?”

 பின்னணியில் பாத்திரங்களின் சத்தமும் குழந்தையொன்றின் இருமலும் கேட்டன.

“முதுகை வளைச்சுக்கொண்டு நடந்தவனோ?”

“நீங்கள்...” என்று தொடங்கி நிறுத்தினார். “ஓம். பங்கருக்குத் தானாத்தான் நடந்து வந்தவர். கொஞ்சம் நடந்து நிண்டு, நடந்து நிண்டு.”

“எத்தினை மணிக்கு?”

“காலமை. பொழுதுபட முடிஞ்சுது.”

“நினைவு இருந்ததோ?”

“கடைசி மட்டும் கதைச்சவர். தண்ணி கேட்டவர். வயித்துக் காயத்துக்குக் குடுக்கக் கூடாதெண்டு சொல்லிச்சினம். துணியை நனைச்சு வாயிலை வைச்சு விட்டம். மருந்து ஒண்டும் இல்லை, டொக்டர். பனடோலும் இல்லை.”

 அவர் தொடர்ந்தார்.

“உடனை எண்டு சொல்லச் சொன்னது அவர்தான். அக்காவுக்கு அப்பிடித்தான் சொல்ல வேணும் எண்டவர். அத்தான் நம்பமாட்டார், அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும் எண்டவர்.”

தொடர்பு அறுந்தது. அருள் வெளியே புல்லில் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்த பின்னும் துடைத்தார்.  மிச்சத்தில் என்னை இறக்கிவிடும்போது, “இறைச்சி பழுதாப் போச்சு, அண்ணை. நான் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுறன்,” என்றார்.

கை

பரமேஸ் கதவைத் திறந்தாள். என் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள்.

“கதைச்சனீங்களோ?”

“கதைச்சனான்.”

வழி நெடுக நான் ‘உடனை’ என்ற சொல்லை நடுக்கமின்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் உடனையோ என்று கேட்கவில்லை. என்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் சரியான கேள்வியைக் கற்றிருந்தாள்.

“எங்கை பட்டதாம்?”

என் கை தானாக உயர்ந்தது. இடது கமக்கட்டுக்குக் கீழே, நெஞ்சின் பக்கவாட்டில், அருள் தாளில் புள்ளி வைக்கும் இடத்தில் போய் நின்றது.

“இதிலை,” என்றேன்.

அவள் கிட்ட வந்து தன் கையை என் கையின்மேல் வைத்தாள். அவ்விடத்தைச் சோதிப்பவள்போல் அழுத்தினாள்.

“அப்ப ரெண்டு மூச்சு.”

“அதுவும் இல்லை.”

“அப்பப் பரவாயில்லை,” என்றாள்.

அன்று மத்தியானம் அவள் சோறு வடித்தாள். பருப்பும் கத்தரிக்காயும் வைத்தாள். எதிரே அமர்ந்து சாப்பிட்டாள். நானும் சாப்பிட வேண்டியிருந்தது. அவனைக் கொன்ற வெடியைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன். மருந்தில்லாத பங்கர்க் குழியில் பொழுதுபடும்வரை கிடந்தவனுக்கு வேலியோரத்து மானுக்குச் செய்ததைக்கூட நான் செய்யவில்லை. எட்டாயிரம் கிலோமீற்றர் தள்ளியிருந்து அவனுடைய காயத்தின் இடத்தை மாற்றினேன். என் படிப்புக்கு அதுதான் முடிந்தது.

அதன்பின் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் பரமேஸ் அந்த இடத்தைக் காட்டினாள். கமக்கட்டுக்குக் கீழே கையை வைத்து, “இதிலை பட்டது. உடனை போயிட்டான்,” என்பாள். விசாரிப்புகள் ஓய்ந்த பின்னரும், ஆண்டுத் திவசங்களில், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் மண்டபத்தில் பழையவர்களைக் காணும்போது, அவன் பேச்சு வந்தால் கையும் வந்தது. நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

தங்கவேல் மாஸ்டர் சில வருடங்களில் கனடா போய்ச் சேர்ந்தார். ஒருமுறை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். பரமேஸ் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு நெடுநேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுடைய கை இறங்கத் தொடங்கியதா என்று உறுதியாக எழுத என்னால் இயலவில்லை. அவளுக்குத் தோள்மூட்டில் வலி வந்திருந்தது. கையை உயர்த்துவது சிரமம். முதலில் விலாவின் கடைசி எலும்புக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே. அருளின் விதிப்படி அந்த இடத்துக்கு யாரும் வெடி வைக்கக் கூடாது. அவளுடைய கையைப் பிடித்து மேலே வைத்துவிட வேண்டும்போல் ஒவ்வொரு முறையும் எனக்கு இருந்தது.

சென்ற மாரியில், வைத்தியசாலையில், அவளைப் பார்க்கக் கடைசியாக வந்தவள் கோயிலில் பழகிய ஒரு பெண். பேச்சு எப்படியோ ராசனிடம் போனது. பரமேஸ் போர்வையை விலக்கி, உள்ளங்கையை வயிற்றின்மேல், தொப்புளுக்குச் சற்று இடப்புறமாக, விரித்து வைத்தாள்.

“இதிலைதான் பட்டது,” என்றாள். “உடனை போயிட்டான். இவரைக் கேளுங்கோ.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பரமேஸ் பார்க்கவில்லை. அவள் யன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம்,” என்றேன்.